கழுத்தில் அறுவை, எலும்புக்கு மருந்து ஏன்?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் ஒரு சிற்றூரில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். என் அம்மாவுக்கு வயது 46. தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் என்று கூறி, அதைக் கட்டுப்படுத்த இரண்டு ஆண்டுகளாகக் கார்பிமசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். அளவைக் குறைத்தால் படபடப்பு திரும்பி வந்துவிடுகிறது. கழுத்து வீக்கமும் பெரிதாகியிருக்கிறது. எனவே கோவையில் முழுத் தைராய்டையும் எடுத்துவிட நாள் குறித்திருக்கிறார்கள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 9 என்று வந்ததால், வாரம் ஒன்றாக 60,000 யூனிட் சாஷே எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். நாள் முழுதும் வெளியில் நின்று கொழுந்து பறிப்பவருக்கு இது எப்படிக் குறையும்? எட்டு வாரம் முடியாமல் அறுவை செய்யலாமா? என் சித்திக்கு இதே அறுவை நடந்து, வீடு திரும்பிய பின் மூன்றாம் நாள் இரவு விரல்கள் முறுக்கிக்கொண்டன. மீண்டும் கீழே அழைத்துச் சென்றோம். இரண்டு ஆண்டுகளாகியும் அவர் கால்சியம் மாத்திரையை விடவில்லை. இந்தச் சாஷேயைக் குடித்தால் அம்மாவுக்கு அப்படி நேராது என்று நம்பலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நேராது என்று உறுதி கூற முடியாது. ஆனால் நேரும் வாய்ப்பைக் குறைக்கவும், நேர்ந்தால் எளிதில் சமாளிக்கவும் அந்த மருந்து உதவும். எனவே அம்மா அதைத் தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை எடுத்துக்கொண்டோம் என்பதற்காக, அறுவைக்குப் பிந்திய முதல் வாரத்தில் காட்ட வேண்டிய கவனத்தைக் கொஞ்சமும் தளர்த்திவிடக் கூடாது. இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதால் அதைச் சற்று விரிவாக விளக்குகிறேன்.

தைராய்டின் பின்புறத்தில், பெரும்பாலானவர்களுக்கு நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் 30 முதல் 50 மில்லிகிராம் எடைதான் இருக்கும். பார்வைக்குக் கொழுப்புத் துணுக்கைப் போலவே தோன்றும். இவற்றைப் பாராதைராய்டு என்கிறோம். பெயரில் தைராய்டு இருந்தாலும் இவற்றின் வேலை முற்றிலும் வேறு: இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோது ஆங்கிலேய உடற்கூற்று அறிஞர் ரிச்சர்டு ஓவன் இதை முதன்முதலாகக் கவனித்தார். மனித உடலில் இதைத் தெளிவாக விவரித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ராம், ஆண்டு 1880. ஆனால் அது என்ன செய்கிறது என்பது அப்போது தெரியவில்லை. அதே காலத்தில் வியன்னாவில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பில்ரோத்தின் அறுவைக் கூடத்தில், தைராய்டை முழுவதும் இழந்த நோயாளிகள் சிலருக்குக் கைகால் இழுப்பு வந்துகொண்டிருந்தது. ஏன் என்று எவருக்கும் புரியவில்லை. உங்கள் சித்திக்கு வந்ததும் அதே இழுப்புதான். இன்று காரணம் தெரியும், மருந்தும் உண்டு.

திறமையான அறுவை மருத்துவர் அந்த நான்கையும் அடையாளம் கண்டு விட்டுவைத்தாலும், அவற்றுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இழைபோன்ற நாளங்கள் தைராய்டைப் பிரித்தெடுக்கும்போது சிறிது அதிர்ச்சிக்குள்ளாவதைத் தவிர்ப்பது கடினம். சுரப்பிகள் சில நாள்களோ சில வாரங்களோ சோர்ந்து கிடக்கும். முழுத் தைராய்டையும் எடுத்தவர்களில் 100 பேருக்கு 20 முதல் 30 பேருக்குத் தற்காலிகமாகக் கால்சியம் குறைவதாகப் பல ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன. நிலையாகக் குறைந்துவிடுவது அனுபவமுள்ள மையங்களில் 1 முதல் 3 பேருக்குத்தான். கிரேவ்ஸ் நோயில் தைராய்டு இரத்த ஓட்டம் மிகுந்து, சுற்றியுள்ளவற்றோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் தற்காலிகக் குறைவின் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அறுவைக்கு முந்திய ஒரு வாரம், பத்து நாள் லூகால் அயோடின் சொட்டு மருந்து கொடுத்தார்களானால் அது அந்த இரத்த ஓட்டத்தைக் குறைப்பதற்காக. வைட்டமினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒன்றைக் குடித்ததால் மற்றொன்றை நிறுத்திவிட வேண்டாம்.

இனி வைட்டமின் டி எங்கே வருகிறது என்று பார்ப்போம். தோலில் உண்டாவதோ சாஷேயில் வருவதோ, அந்த வைட்டமின் அப்படியே வேலை செய்வதில்லை. முதலில் கல்லீரலில் ஒரு மாற்றம் பெற்று உடலில் சேமிப்பாக இருக்கிறது. உங்கள் பரிசோதனைத் தாளில் 9 என்று வந்தது இந்தச் சேமிப்பின் அளவு. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்கிறோம்; 9 என்பது கடுமையான குறைபாடு. பிறகு அது சிறுநீரகத்தில் இரண்டாவது மாற்றம் பெற்றுக் கால்சிட்ரியால் ஆகிறது. குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்சவைப்பது இந்தக் கால்சிட்ரியால்தான். வைட்டமின் டி இல்லாத நிலையில் உணவிலுள்ள கால்சியத்தில் 10 முதல் 15 விழுக்காடுதான் உடலில் சேரும். போதுமான அளவு இருந்தால் 30 முதல் 40 விழுக்காடு சேரும். சிறுநீரகத்துக்கு "மாற்று" என்று ஆணையிடுவது யார் என்றால், பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோன். சேமிப்பு குதிரில் இருக்கும் நெல் என்றால், அந்தக் குதிரின் கதவைத் திறக்கும் சாவி அந்தச் சுரப்பிகளிடம் இருக்கிறது.

எனவே வைட்டமின் டி பாராதைராய்டைக் காப்பாற்றுவதில்லை. அறுவையில் அடிபடாமல் தடுப்பதும் இல்லை. சுரப்பிகள் முழுவதுமாகச் செயலிழந்தால், சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் அதைச் செலவழிக்க வழியில்லை. அத்தகைய நேரத்தில் சிறுநீரகத்தின் வேலையை ஏற்கெனவே முடித்து வைத்த கால்சிட்ரியால் காப்ஸ்யூலையே மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். இதை மனத்தில் வைத்தால், அறுவைக்கு முன் சாஷே, பின் காப்ஸ்யூல் என்று இரண்டையும் எழுதுவது ஒரே மருந்தை இருமுறை கொடுப்பது ஆகாது என்பது புரியும். மருந்துக் கடையில் "இரண்டும் வைட்டமின் டி தானே" என்று ஒன்றை நிறுத்திவிடுவது நான் அடிக்கடி கேள்விப்படும் ஒன்று.

அப்படியானால் முன்கூட்டியே சேமிப்பை நிரப்புவதால் என்ன பயன்? பெரும்பாலானவர்களுக்குச் சுரப்பிகள் முற்றிலும் செயலிழப்பதில்லை. ஒன்றிரண்டாவது அரைகுறையாக வேலை செய்துகொண்டிருக்கும். அந்த அரைகுறை ஆணைக்கும் கீழ்ப்படிய மூலப்பொருள் வேண்டும் அல்லவா? 9 என்ற அளவில் அது போதுமானதாக இருக்காது. மற்றொரு காரணத்தை நான் இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். தைராய்டு மிகையாகச் சுரந்த காலம் முழுவதும் எலும்பு தேய்ந்து, அதன் கால்சியம் இரத்தத்தில் கலந்து, சிறுநீரில் வெளியேறிக்கொண்டிருக்கும். தைராய்டை எடுத்த மறுநாளிலிருந்து எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளத் தொடங்கி, இரத்தத்திலுள்ள கால்சியத்தை வேகமாக இழுக்கும். இந்த நிலையை மருத்துவத்தில் பசித்த எலும்பு என்றே அழைக்கிறோம். நெடுநாள் வைட்டமின் டி குறைபாட்டால் ஏற்கெனவே சுண்ணமேற்றம் (கால்சியம் படிதல்) குறைந்திருக்கும் எலும்பு என்றால் பசி இன்னும் அதிகமாக இருக்கும். எலும்பிலும் கல்லீரலிலும் உண்டாகும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியின் அளவு அம்மாவுக்கு உயர்ந்திருக்கிறதா என்று தாளில் பாருங்கள். கல்லீரல் கோளாறு இல்லாமல் அது உயர்ந்திருந்தால், எலும்பின் பக்கம் இந்த வேலை நடக்கிறது என்று அறுவை மருத்துவர் எச்சரிக்கையாக இருப்பார்.

மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அறுவைக்கு முன் வைட்டமின் டி குறைந்திருந்தவர்களுக்கே பின்னர் இழுப்பு மிகுதி என்று சில ஆய்வுகள் காட்டின. வேறுபாடு இல்லை என்று வேறு சில காட்டின. அறுவைக்குப் பின் கால்சியமும் கால்சிட்ரியாலும் சேர்த்துக் கொடுப்பது அறிகுறிகளைக் குறைக்கிறது என்பதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. முன்கூட்டியே சாஷே கொடுப்பதன் தனிப் பயன் அந்த அளவுக்கு உறுதிப்படவில்லை. ஆனாலும் கிரேவ்ஸ் நோய்க்காக அறுவை செய்பவர்களுக்குக் கால்சியத்தையும் வைட்டமின் டி அளவையும் முன்பே பார்த்து, குறைந்திருந்தால் ஈடுசெய்ய வேண்டும், அல்லது முன்தடுப்பாகக் கொடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. மருந்து மலிவானது, சரியான அளவில் தீங்கற்றது, அறுவை இல்லாவிட்டாலும் 9 என்ற அளவைச் சரிசெய்தே ஆக வேண்டும். எனவே உங்கள் மருத்துவர் எழுதியது சரியான முடிவு என்பதே என் கருத்து.

வெயிலைப் பற்றிய உங்கள் வியப்பு நியாயமானது. உயரம் ஏற ஏற, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. உயர்ந்த மலையிலுள்ள கோத்தகிரியில் தெளிந்த வானத்தின் வெயில் சமவெளி வெயிலைவிட வலிமையானது. ஆனால் அந்த வெயில் படுவது எங்கே? கொழுந்து பறிக்கும்போது அம்மா எப்படி இருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், தலையிலும் காதிலும் சுற்றிய துணி, இடுப்பிலிருந்து கால்வரை தார்ப்பாய். முகமும் மணிக்கட்டுக்குக் கீழும்தான் வெளியே தெரியும். வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் வலுவாக இருப்பது ஏறத்தாழ காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிவரை. மேகமும் மூடுபனியும் கவிந்த நாள்களில் அதுவும் பெரிதும் குறைந்துவிடும். நமது தோலின் கருமை அந்தக் கதிரை வடிகட்டுவதால், வெள்ளைத் தோல்காரர்களைவிட நமக்கு நீண்ட நேரம் தேவைப்படுகிறது. கேழ்வரகுக் களி, பால், எள் எல்லாம் கால்சியம் தரும், நல்லவை. வைட்டமின் டி அவற்றில் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே, இந்த ஐந்து வாரத்தில் வெயிலில் நின்று 9ஐச் சரிசெய்ய முயல வேண்டாம். அதற்குப் போதுமான காலம் இல்லை.

எட்டு வாரம் முடியாமல் அறுவை செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். ஐந்து வாரத்தில் ஐந்து சாஷே, அதாவது 3,00,000 யூனிட் உடலில் சேர்ந்திருக்கும். சேமிப்பு கணிசமாக உயர்ந்திருக்கும். மீதி மூன்றை அறுவைக்குப் பின் மருத்துவரிடம் கேட்டுத் தொடரலாம். வைட்டமினுக்காக அறுவையைத் தள்ளிப்போடுவதைவிட, தைராய்டு ஹார்மோன் கட்டுக்குள் இருக்கும் நேரத்தில் அதைச் செய்து முடிப்பதுதான் முக்கியம். கார்பிமசோலால் அம்மாவின் அளவுகள் இப்போது சரியாக இருந்தால் அந்த நாளை விட்டுவிடாதீர்கள்.

குடிக்கும் முறையில் ஒரு தவறு பலமுறை நடக்கிறது: வாரம் ஒன்று என்பதை நாள் ஒன்று என்று புரிந்துகொள்வது. 60,000 யூனிட்டை மாதக்கணக்கில் தினமும் குடித்தவர்கள் கால்சியம் எல்லை மீறி உயர்ந்து, வாந்தியும் குழப்பமும் சிறுநீரகப் பாதிப்பும் வந்து சேர்ந்த நிகழ்வுகள் உண்டு. ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின், பாலில் கலந்து. கொழுப்புள்ள உணவோடு அது நன்றாகச் சேரும். விரைவாகக் கூட்டலாம் என்று யாராவது 6,00,000 யூனிட் ஊசியைப் பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லலாம். தசையிலிருந்து அது மெல்லத்தான் இரத்தத்துக்கு வரும், அவசரத்துக்கு உதவாது.

சாஷேயைத் தொடரும் முன் மற்றொன்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அம்மாவின் இரத்தக் கால்சியம், அல்புமின் (இரத்தப் புரதம்), கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டுவது) ஆகியவற்றோடு பாராதைராய்டு ஹார்மோனையும் பார்த்திருக்க வேண்டும். கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு 10.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் இந்த அளவு வைட்டமின் டி கொடுப்பதற்கு முன் காரணத்தை அறிய வேண்டும். பாராதைராய்டிலேயே ஒரு கட்டி இருந்தால் அதையும் அதே அறுவையில் எடுத்துவிட முடியும். சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு, காசநோய் ஆகியவை முன்பு இருந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மெக்னீசியம் குறைவாக இருந்தால் பாராதைராய்டு சரியாகச் சுரக்காது. எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் இழுப்பு அடங்காதவர்களுக்குப் பலமுறை அதுதான் காரணமாக இருக்கும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குபவர்களிடம் இதைக் காணலாம்.

இனி உங்கள் ஊரை மனத்தில் வைத்துச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாராதைராய்டு ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும். சுரப்பி நின்றால் அது உடனே குறைந்துவிடும். கால்சியமோ மெல்ல மெல்ல இறங்கி, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மிகத் தாழ்ந்த நிலையை அடையும். அறுவை முடிந்து முதல் இரண்டு நாளில் "நன்றாக இருக்கிறார்" என்று டிஸ்சார்ஜ் செய்தால், கால்சியம் அடித்தளத்தைத் தொடும் நேரத்தில் நோயாளி மலைப்பாதையிலோ வீட்டிலோ இருப்பார். உங்கள் சித்திக்கு நேர்ந்ததும் இந்தக் கணக்கின்படியே. அதனால் அறுவைக்குப் பின் சில மணி நேரத்தில் அல்லது மறுநாள் காலை பாராதைராய்டு ஹார்மோன் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது வழக்கமான அளவில் இருந்தால் கடுமையான இழுப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு மில்லிலிட்டருக்கு 15 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால், இன்று கால்சியம் சரியாக இருந்தாலும் நாளை இறங்கும் என்று எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடங்குவார்கள். இந்த எண்ணை அறியாமல் மலையேற வேண்டாம். குறைவாக இருந்தால் நான்காம் நாள் வரையாவது மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உறவினர் வீட்டில் தங்கிவிட்டு வருவது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் பாதை அடைபடக்கூடிய மாதங்களில் இதை நான் வலியுறுத்தியே சொல்வேன்.

பாதையிலேயே ஒரு சிக்கல் உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் வந்து வாந்தி எடுத்தால், விழுங்கிய மாத்திரை வெளியே வந்துவிடும். வாந்தியும், அச்சத்தில் வேகமாக மூச்சுவிடுவதும் இரத்தத்தின் காரத்தன்மையைக் கூட்டி, உடலுக்குப் பயன்படும் நிலையிலுள்ள கால்சியத்தை மேலும் குறைத்துவிடும். எனவே பேருந்தில் வேண்டாம். இயன்றால் கார் வைத்து, முன்இருக்கையில் அமர்த்தி, வாந்தித் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொடுத்து அழைத்து வாருங்கள். மாத்திரை வெளியே வந்துவிட்டால் மீண்டும் ஒன்று கொடுக்கலாமா என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

முதல் அறிகுறி உதட்டைச் சுற்றிலும் விரல் நுனிகளிலும் ஏற்படும் மதமதப்பும் குறுகுறுப்பும். மரத்துப்போகிறது, எறும்பு ஊர்கிறது, குளிரால் இருக்கும் என்று அதைத் தள்ளிவிடுவது நம் மலைப்பகுதியில் மிக எளிது. குளிருக்குக் கை மரத்துப்போகும், உதடு பெரும்பாலும் அப்படியாகாது. அப்போதே மருத்துவர் கூறிய கூடுதல் கால்சியம் மாத்திரையைக் கொடுங்கள். அரை மணியில் அடங்கவில்லை என்றாலோ, விரல்கள் முறுக்கினாலோ, குரல் இறுகி மூச்சுக்குத் திணறினாலோ காத்திருக்காமல் 108ஐ அழைத்து அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். கோவைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. கால்சியம் குளுக்கோனேட் ஊசியை இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே நரம்பில் மெதுவாகச் செலுத்தினால் இழுப்பு விரைவில் அடங்கும். அந்த மருந்து பெரும்பாலான மருத்துவமனைகளில் இருக்கும். இரவுப் பணியிலுள்ள மருத்துவர் இதைப் பதற்றத்தால் வந்த மூச்சிரைப்பு என்று நினைத்துவிடக் கூடும். எனவே "முழுத் தைராய்டும் நீக்கப்பட்டவர், கால்சியம் குறைந்திருக்கலாம்" என்று டிஸ்சார்ஜ் தாளின் மேல் எழுதி, அதைக் கையோடு வைத்திருங்கள்.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கும்போது, அட்டையில் கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம் என்று இருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம் என்று கொள்ள வேண்டும். அதைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். அமிலத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்குக் கார்பனேட் சரியாகச் சேராது. அவர்களுக்குச் சிட்ரேட் வகை பொருந்தும். அறுவைக்குப் பின் அம்மா தைராய்டு ஹார்மோனுக்கு ஈடாக வாழ்நாள் முழுதும் எடுக்கவிருக்கும் தைராக்சின் மாத்திரையை அதிகாலை வெறும் வயிற்றில் எடுத்துவிட்டு, கால்சியத்தைக் குறைந்தது நான்கு மணி நேரம் தள்ளியே எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தைராக்சின் குடலில் சேராமல் போய்விடும். பிறகு தைராக்சின் அளவு போதவில்லை என்று தேவையில்லாமல் கூட்டிக்கொண்டே போவார்கள்.

உங்கள் சித்தியைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். ஆறு மாதத்துக்குப் பின்னும் மாத்திரை தேவைப்பட்டால் அது நிலையான குறைபாடாக இருக்கலாம். அல்லது சுரப்பிகள் எப்போதோ மீண்டுவிட்டிருக்க, பழக்கத்தால் மாத்திரை தொடரலாம். இரண்டில் எது என்பதை இரத்தக் கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், கிரியாட்டினின், ஒரு நாள் முழுதும் சேகரித்த சிறுநீரிலுள்ள கால்சியம் ஆகியவற்றைப் பார்த்தால் அறியலாம். தேவைக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகத்தில் கல் உருவாகும் அபாயம் உண்டு. தானாக நிறுத்தவும் வேண்டாம். திடீரென நிறுத்தியவர்களுக்கு இழுப்பு திரும்பியிருக்கிறது.

அம்மாவுக்கு வீடு திரும்பிய முதல் வாரத்தில் ஒருமுறையும் அதன்பின் மருத்துவர் கூறும் இடைவெளியிலும் கால்சியத்தை அல்புமினோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்; இதைக் கோத்தகிரியிலேயே செய்துகொண்டு முடிவைத் தொலைபேசியில் தெரிவிக்கலாம். அளவு நிலைத்தபின் முதலில் எதைக் குறைப்பது, கால்சியத்தையா கால்சிட்ரியாலையா என்பதை அறுவை செய்தவரே தீர்மானிக்கட்டும். வைட்டமின் டி சேமிப்பை, கடைசிச் சாஷே முடிந்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மீண்டும் பார்த்தால் போதும்; 30ஐத் தாண்டியிருந்தால் வாரச் சாஷேயை நிறுத்திவிட்டு, குறைந்த பராமரிப்பு அளவுக்கு மாறிக்கொள்ளலாம்.